மொரோட்டோ மலையடியில் ஒரு புல்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று உங்களை உகாண்டாவின் வடகிழக்கு மூலைக்கு அழைத்துப் போகிறேன். அந்தப் பகுதிக்குக் கரமோஜா என்று பெயர். கென்யா எல்லையை ஒட்டி அங்கே மொரோட்டோ என்றொரு மலை நிற்கிறது. 3,000 மீட்டருக்கும் மேல் உயரம். ஒரு காலத்தில் எரிமலையாக இருந்து அவிந்துபோனது. சுற்றிலும் வறண்ட நிலமும் முள்மரங்களும்தான். மாடுகளே வாழ்வாதாரமாக உள்ள கரமோஜோங் மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

அந்த வட்டாரத்தில் கிடைத்த ஒரு மேல்தாடையைப் பற்றிய செய்தி 1963இல் வெளிவந்தது. பெரிய பற்கள் கொண்ட வாலில்லாக் குரங்கு ஒன்றின் தாடை அது. அதே பத்தாண்டில் இடுப்புப் பகுதி முதுகெலும்பு ஒன்றும் ஆராயப்பட்டது. என்னைக் கேட்டால், தாடையைவிட அந்த ஒற்றை முள்ளெலும்புதான் பெரிய புதையல். ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரணக் குரங்கின் கீழ்முதுகு வில் மாதிரி வளையும். நாலு காலில் கிளைமேல் ஓடுவதற்கு அது வசதி. அதன் முள்ளெலும்பில் பக்கவாட்டு நீட்சிகள் முன்பக்கத்துத் தடித்த பகுதியிலிருந்தே கிளம்பும். சிம்பன்சி, ஒராங்குட்டான், நாம் ஆகிய எல்லோருக்கும் அந்த நீட்சிகள் பின்னால் தள்ளி இருக்கும். அதனால் முதுகு விறைப்பாகும், உடம்பை நிமிர்த்தி வைக்க முடியும். மொரோட்டோ முள்ளெலும்பு இந்த இரண்டாவது வகை. அதாவது, மரத்தில் நிமிர்ந்தபடி ஏறித் தொங்கக்கூடிய உடம்பு. 1997இல் தொடையெலும்புத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்து, இது தனிப் பேரினம் என்று முடிவுசெய்து மொரோட்டோபித்திக்கஸ் பிஷப்பி என்று பெயர் வைத்தார்கள். பின்பாதி, அங்கே உழைத்த புவியியலாளர் பிஷப்பின் நினைவாக.

சரி, இப்படியொரு உடம்பு எதற்காக உண்டானது? பல காலமாகப் பாடப்புத்தகங்கள் சொன்ன கதை ஒன்று உண்டு. அடர்ந்த மழைக்காடு. பழங்கள் கிளை நுனியில். கனமான விலங்கு நுனிக்கிளைமேல் நடந்தால் கிளை ஒடியும். ஆகவே கீழே தொங்கி, கையை நீட்டிப் பழம் பறிக்கக் கற்றது. அதிலிருந்து நிமிர்ந்த உடம்பு வந்தது. கேட்க அழகான கதை. ஆனால் அந்த விலங்கு உண்மையிலேயே அப்படிப்பட்ட காட்டில்தான் இருந்ததா? எந்தக் காலத்தில் இருந்தது? எலும்பை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. பதில் அது கிடந்த மண்ணில் இருக்கிறது.

முதலில் வயது. இதில் பெரிய தகராறே நடந்தது. கூடவே கிடைத்த மற்ற விலங்குகளின் எலும்புகளைப் பிற இடங்களோடு ஒப்பிட்ட சிலர், சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுதான் இருக்கும் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விலங்குகளை வைத்து அடுக்குகளை ஒப்பிடுவது அனுபவத்தால் வந்த நல்ல முறை. ஆனால் 1997இல் எரிமலைப் பாறையை அளந்தவர்கள் 2 கோடியே 6 லட்சம் ஆண்டுக்கும் முந்தையது என்றார்கள். இடையில் முப்பது லட்சம் ஆண்டுக்கு மேல் வித்தியாசம்.

பாறையை எப்படி அளப்பது? எரிமலைக் குழம்பில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடையது. அது மெல்ல மெல்லச் சிதையும், அதில் ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறும். பாதி சிதைய 125 கோடி ஆண்டு ஆகும் என்றால் எவ்வளவு நிதானம் பாருங்கள். குழம்பு கொதிக்கும்போது பழைய ஆர்கான் எல்லாம் வெளியே ஓடிவிடும். இறுகிக் கல்லானதும் புதிதாக உண்டாகும் ஆர்கான் உள்ளேயே சிறைப்படும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தக் குழம்பு ஆறிய காலம் தெரியும். எலும்பு அடுக்கின்மேல் குழம்பு ஓடிப் படிந்திருந்தால், எலும்பு அதைவிட மூத்தது. வீட்டின் கூரைக்கு வயது தெரிந்தால் சுவர் அதற்கு முன்பே எழுந்தது என்று சொல்லலாம் இல்லையா, அப்படி. பின்னால் நடந்த வேலைகளும் இந்தப் பக்கமே சாய்ந்தன. 2023இல் வெளியான ஆய்வு மொரோட்டோவின் வயதை 2 கோடியே 10 லட்சம் ஆண்டு என்று வைக்கிறது.

அதே ஆண்டு அதே குழுவினர் இன்னொன்றும் சொன்னார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லாரா மெக்லாட்சி, பெய்லர் பல்கலைக்கழகத்தின் டேனியல் பெப்பி உள்பட நிறையப் பேர் சேர்ந்த கூட்டுவேலை இது. மொரோட்டோவில் புல் இருந்தது என்றார்கள். அதுவும் எந்தப் புல்!

இங்கே நம் வயலுக்கு வருவோம். நெல், மா, புளி, வேம்பு எல்லாம் சூரிய ஒளியில் உணவு சமைப்பது ஒரு வழியில். கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு சமைப்பது வேறு வழியில். முதலாவதை சி3 என்றும் இரண்டாவதை சி4 என்றும் சொல்வார்கள். வெயிலும் வறட்சியும் கூடிய இடத்தில் சி4 தாக்குப்பிடிக்கும். மானாவாரிக் காட்டில் கம்பு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு வழிகளும் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எடுக்கும்போது கனமான கரியணுக்களை வெவ்வேறு அளவில் சேர்க்கின்றன. செடி மக்கி மண்ணானாலும், மண் கல்லானாலும், அந்த விகிதம் அழியாது. கோடி ஆண்டு கழித்தும் அளக்கலாம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. கரும்புத் தோகை கையை அறுத்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அந்த இலையில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா இருக்கிறது. செடி அதைத் தன் உயிரணுக்களில் நுண்ணிய கற்களாக வார்த்து வைக்கிறது. செடி போனாலும் கல் மண்ணில் தங்கும். அதன் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்து, இது புல்லா மரமா, எந்தக் குடும்பத்துப் புல் என்றுகூடச் சொல்ல முடிகிறது. மொரோட்டோ உள்பட கென்யா, உகாண்டாவின் 9 இடங்களில் மண்ணைத் தோண்டி, கரியையும் இந்த நுண்கற்களையும் இலை மெழுகின் எச்சத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சி4 புல் பெருகியது 1 கோடி ஆண்டுக்கு இப்புறம்தான் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இந்த மண்ணிலேயே சி4 புல் தெரிந்ததால், அந்தக் கணக்கு 1 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய காலத்துக்குத் தள்ளிப்போனது.

இங்கேதான் வயதுத் தகராறு எவ்வளவு முக்கியம் என்பது புரியும். வயது தவறாக இருந்தால் புல்லின் வரலாறும் தவறு, முதுகெலும்பின் வரலாறும் தவறு.

அப்புறம் பல். மொரோட்டோபித்திக்கஸின் கடைவாய்ப் பற்களில் கத்தரி போன்ற நீண்ட விளிம்புகள். பழத்தை நசுக்க இது தேவையில்லை. இலையை நறுக்கத் தேவை. எனாமலில் இருந்த கரியோ, தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வளர்ந்த செடிகளைத் தின்றதைக் காட்டியது. ஆக, மழைக்காடு இல்லை. ஆண்டில் ஒரு பருவம் காயும் திறந்த மரக்காடு. மரங்களுக்கு நடுவே இடைவெளி, இடைவெளியில் புல்.

இதன் பக்கத்தில் இன்னொரு இடத்தை வைத்துப் பாருங்கள். விக்டோரியா ஏரியில் ருசிங்கா என்று ஒரு தீவு. 1948இல் தொல்லுயிர் ஆய்வாளர் மேரி லீக்கி வாலில்லாக் குரங்கின் புகழ்பெற்ற மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தது அங்கேதான். இன்று அதை எகெம்போ என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். மொரோட்டோவுக்குப் பிந்தைய காலம். அங்கே ஒரு பழைய மண் அடுக்கில் மரங்களின் அடிக்கட்டைகளும் வேர்களும் நின்ற இடத்திலேயே அச்சாகப் பதிந்து கிடக்கின்றன. அதே அடுக்கில் எகெம்போவும் இருக்கிறது. நெருக்கமான, கிளையோடு கிளை கோத்த காடு அது என்று 2014இல் காட்டினார்கள். பாடப்புத்தகக் கதைப்படி நிமிர்ந்த முதுகு இந்தக் காட்டுவாசிக்குத்தானே இருக்க வேண்டும்? இல்லை. எகெம்போவுக்கு வால் கிடையாது, ஆனால் முதுகு மட்டும் குரங்கின் முதுகு. நாலு காலில் கிளைமேல் நடந்த விலங்கு. நிமிர்ந்த முதுகு, புல்லுக்கு நடுவே மரம் தேடிய மொரோட்டோக்காரனுக்கு இருந்தது.

கிளைகள் கோத்துக் கிடக்கும் காட்டில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மேலேயே போய்விடலாம். மொரோட்டோவில் அது நடக்காது. ஏறக்குறைய ஒரு சிம்பன்சி கனமுள்ள விலங்கு, ஒரு மரத்தின் இலை தீர்ந்ததும் தண்டைப் பிடித்துக் கீழே இறங்க வேண்டும், புல்வெளியைக் கடக்க வேண்டும், அடுத்த தண்டைக் கட்டிப்பிடித்து நிமிர்ந்து ஏற வேண்டும். அந்தக் குட்டையான, உறுதியான தொடையெலும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது மரம்தான் கண்ணில் வருகிறது.