நடிகை பேசினா நம்ம பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்?

வணக்கம். இன்னிக்கு பிளவுஸ் கழுத்து வெட்டுறது பத்திப் பேசுறதா சொல்லியிருந்தேன். அது இன்னொரு நாளைக்கு. ஒரு கேள்வி வந்து மனசுல உட்கார்ந்துக்கிச்சு, அதை முடிச்சிட்டுத்தான் வேற வேலை.

கேட்டிருக்கிறது மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு அம்மா. "அக்கா, சாய் பல்லவி, வித்யா பாலன் மாதிரி நடிகைங்க உடம்பைக் கேலி பண்றதை எதிர்த்துப் பேசுறாங்க, உங்களை நீங்களே ஏத்துக்குங்கன்னு சொல்றாங்க. அதையெல்லாம் என் மகளுக்கு அனுப்புறேன். நாலாம் படிவம் படிக்கிறா, கொஞ்சம் பூசினாப்ல இருப்பா. எல்லாத்தையும் பார்க்கிறா. ஆனா தீபாவளிக்கு எந்த வீட்டு ஓப்பன் ஹவுசுக்கும், அதான் பண்டிகை விருந்துக்கும், வர மாட்டேங்கிறா. இவங்க பேசுறதுல நமக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கா?"

இருக்கும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன். சாய் பல்லவி 2015-ல 'பிரேமம்' படத்துல முகத்துப் பருவை மறைக்காம வந்து நின்னாங்க. அப்புறம் சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒண்ணு வந்தப்போ வேணாம்னுட்டாங்க. ரெண்டு கோடி ரூபான்னு 2019-ல செய்தி போட்டாங்க. அந்தப் பணத்துக்கு இங்க தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதியில, வீடு வாங்கலாம், ஒண்ணு இல்ல, வரிசையா. டைட்டானிக் கதாநாயகி கேட் வின்ஸ்லெட் இருக்காங்களே, 2003-ல ஒரு பத்திரிகை அட்டையில அவங்க காலைக் கம்ப்யூட்டர்ல மெலிசாக்கிப் போட்டுட்டாங்க. நான் அப்படி இல்ல, அப்படி இருக்கணும்ங்கிற ஆசையும் எனக்கு இல்லன்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க. அட்டைப்பட வாய்ப்பு குறைஞ்சிடுமேன்னு பயப்படாம சொன்னாங்க பாருங்க, அது பெரிய விஷயம்தான்.

ஆனா அவங்க பேச்சு எது வரைக்கும் வந்து சேருதுன்னு பார்க்கணும்ல. 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல 'குளோ அண்ட் லவ்லி' ஆச்சு. பேரு மாறிச்சு, ட்யூப் கடையில அதே தட்டுலதான் இருக்கு.

நம்ம நாட்டுலயே 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ்ங்கிற மருந்து, அழகுசாதனக் கடைக்காரங்க ஒரு விளம்பரம் விட்டாங்க. முகத்துல கருப்பு பூசின பொண்ணைப் பார்த்து மாப்பிள்ளை அரண்டு போவாரு, அவ கழுவிட்டு வந்ததும் அழகியாயிடுவா. ஜனங்க சும்மா விடல. மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டாங்க. என்னை விட்டா அந்த விளம்பரத்தை விட, சத்தம் போட்ட ஜனங்களைத்தான் பிள்ளைங்களுக்குக் காட்டச் சொல்வேன்.

சரி, என் தையல் கடைக்கு வாங்க. பழைய ஆளுங்களுக்கு இந்தக் கதை தெரியும், கேட்டது போரடிச்சாலும் பரவாயில்ல. டேப்பை இடுப்புல சுத்தின உடனே பொம்பளைப் பிள்ளைங்க மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும். அந்த நம்பருக்கு வெட்டினா தைச்ச பிறகு கொக்கி போட முடியாது. அதனால டேப்பைப் பிடிச்சுக்கிட்டே, "இன்னிக்கு வீட்டுல என்ன கறி?"ன்னு கேட்பேன். பதில் சொல்லணும்னா மூச்சு விட்டாகணும்ல? சாம்பார்னு சொல்றதுக்குள்ள நம்பரை எழுதிடுவேன்.

இதுல இன்னொண்ணு கவனிச்சிருக்கேன். தனியா வர்ற பிள்ளை அவ்வளவா மூச்சைப் பிடிக்காது. கூட ஒரு பெரியம்மாவோ அத்தையோ வந்து நிக்கும் பாருங்க, அப்பதான். "உள்ள ரெண்டு இஞ்ச் சேர்த்து விடுங்க, எப்படியும் பெருத்துடுவா"ம்பாங்க. அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்க்காது. தரையில கிடக்கிற துண்டுத் துணியையே பார்த்துக்கிட்டு நிக்கும். உள்ள துணி விடுறது தையல் முறை, எல்லாருக்கும்தான் விடுவேன். அதைச் சொல்றதுக்கு இப்படி ஒரு காரணம் வேணுமா?

அதனால அம்மா, உங்க கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிக்கிறேன். மகளை எப்படித் தேத்துறதுன்னு கேட்குறீங்க. சொல்றவங்களை எப்படி நிறுத்துறதுன்னு கேட்டிருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்திருக்கும். அடி வாங்கினவளுக்கே பாடமும் நடத்துறோம். உன்னை ஏத்துக்கோ, தைரியமா இரு, காதுல வாங்காதேன்னு எல்லா வேலையும் அவளுக்குத்தான். வாய் வச்சவங்களுக்கு ஒரு வேலையும் இல்ல.

இது இன்னிக்கு நேத்திக்கு வந்ததும் இல்ல. பட்டப்பேர் இல்லாத லயம், அதான் தோட்டத்து வரிசை வீடு, ஏதாவது உண்டா? எங்க அம்மா பால்மரம் வெட்டின காலத்துல, காலையில ஆளுங்களைப் பேர் கூப்பிடுற பிரட்டுக்களத்துலயே குண்டு, நோஞ்சான், கருவாச்சின்னுதான் கூப்பிடுவாங்களாம். எல்லாம் பாசத்துலன்னு இன்னிக்கும் பெரியவங்க சொல்வாங்க. இருக்கலாம். நம்ம சினிமா காமெடியும் வருஷக்கணக்கா அதையே வச்சுத்தானே ஓடுச்சு. தொப்பை, வழுக்கை, கருப்பு. கேலி வேணாம்னு பேசுற நடிகருங்க கதை கேட்கும்போதே அந்தக் காமெடி சீனையும் எடுக்கச் சொன்னா நான் தனியா ஒரு வீடியோ போட்டுக் கைதட்டுவேன்.

போன்ல எழுதுறவங்களுக்காவது இப்ப சட்டம்னு ஒண்ணு இருக்கு. டிக்டாக்ல வீடியோ போட்டுக்கிட்டிருந்த நம்ம நாட்டு ஈஷா, ஆன்லைன்ல பண்ணின தொல்லைக்கு ஆளாகி 2024 ஜூலையில இறந்து போனாங்க. அந்தத் தொல்லை உடம்புக் கேலி மட்டும் இல்ல, மிரட்டல், அசிங்கமான பேச்சு எல்லாம் சேர்ந்தது. தொல்லை கொடுத்தவங்கள்ல ஒருத்தருக்கு நூறு ரிங்கிட் அபராதம்னு தீர்ப்பு வந்தப்போ நாடே கொதிச்சுது. அப்புறம்தான் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, 2025 ஜூலையில பகடிவதையை, அதான் புல்லிங்கை, தனிக் குற்றமாக்கினாங்க. ஆனா ஓப்பன் ஹவுஸ்ல முறுக்குத் தட்டை நீட்டிக்கிட்டே பேசுற அத்தை மேல யாரு போலீஸ் ரிப்போர்ட் போடுவா? அங்க நீங்கதான் பேசணும்.

உடம்புல நிஜமாவே ஏதும் பிரச்சினை இருக்குமோன்னு தோணினா, தனியா கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. தனக்கு ஹார்மோன் பிரச்சினை இருந்துச்சுன்னு வித்யா பாலனே சொல்லியிருக்காங்க. அது டாக்டர் கிட்ட பேசுற பேச்சு, பத்து பேர் சாப்பிடுற இடத்துல இல்ல. அப்புறம், "இந்தச் சட்டை வேணாம், வயிறு தெரியுது"ன்னு நீங்களே வீட்டுல சொல்றதா இருந்தா, தயவு செஞ்சு அவளுக்கு நடிகை வீடியோ அனுப்பாதீங்க.

வர்ற தீபாவளிக்கும் அவ வரலைன்னா இழுக்காதீங்க, நீங்க மட்டும் போங்க. "எங்க மக?"ன்னு கேட்பாங்க. பரீட்சைக்குப் படிக்கிறா, தலைவலின்னு பொய் சொல்ல வேணாம். "போன வருஷம் நீங்க சொன்னது அவளுக்குப் பிடிக்கலக்கா, அதான் வரல"ன்னு சொல்லுங்க. சொல்லும்போது மட்டும் சிரிச்சு மழுப்பிடாதீங்க.