பூவின் தோலில் எழுதியிருப்பது

வணக்கம் நேயர்களே. காட்டு ஆர்கிட் ஒன்றைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் கவனிக்கிறோம். ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். பூவைப் பாடம் செய்தால் நிறமும் மங்கிவிடும், வடிவமும் நசுங்கிவிடும். அதனால்தான், எந்த இனம் என்று வகைப்படுத்த இதழின் தோலைப் பாருங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

கைக்கு எட்டுகிற ஏதாவது ஒரு பூவின் இதழை மெல்லத் தடவிப் பாருங்கள். மெத்தென்று பட்டால், மேல்தோல் செல்கள் பெரும்பாலும் கூம்பு கூம்பாக எழுந்து நிற்கும். வழுவழுவென்று பளபளத்தால் அவை தட்டையாக இருக்கக்கூடும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பூவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மத்திய தரைக்கடல் பகுதியில் ஓஃப்ரிஸ் ஸ்பெகுலம் என்று ஓர் ஆர்கிட். அதன் உதட்டிதழின், அதாவது மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்டு உதடு போல இருக்கும் இதழின், நடுவில் நீலமாக மின்னும் ஒரு பகுதி. அங்கே செல்கள் தட்டை, அதனால்தான் அந்த மினுமினுப்பு. ஓரத்தில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். ஆண் குளவி இதைப் பெண் குளவி என்று நம்பி வந்து உட்காரும்! அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த புயான் இதைப் பொறுமையாகக் கவனித்தார்; 1916இல் அது அச்சில் வந்தது.

சரி, வகைப்பாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? மயிர் சாய்ந்திருக்கும் திசை. பூனையின் முதுகைத் தடவினால் கைக்குத் திசை தெரியுமல்லவா, அப்படித்தான் பூச்சிக்கும். ஸ்பெகுலத்தில் மயிர்கள் இதழின் நுனியை நோக்கிச் சாயும். பூச்சி தலையைப் பூவின் உள்பக்கம் வைக்கும், மகரந்தத் திரள், அதாவது கட்டியாகச் சேர்ந்திருக்கும் மகரந்தம், தலையில் ஒட்டும். அதன் உறவான ஓஃப்ரிஸ் ஃபுஸ்கா வகையிலோ திசை நேர் எதிர். பூச்சி திரும்பி உட்காரும், திரள் வயிற்று நுனியில் ஒட்டும். திசையை மறந்துவிடாதீர்கள். மயிர் இருக்கிறதா என்பது மட்டும் போதாது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைப் பார்க்க, இதழைச் சுருங்காமல் உலர்த்தி, மேலே மெல்லிய தங்கப்பூச்சு கொடுப்பார்கள். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும்.

நேரம் நெருங்கிவிட்டது. மாக்ஸிலாரியா என்ற ஆர்கிட் பூக்களில் மகரந்தம் போல உதிரும் மயிர்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒரே மாதிரிப் பூச்சியை ஈர்க்கும் பூக்கள், உறவு இல்லாமலே ஒரே மாதிரித் தோலைப் பெறலாம். ஆகவே மரபணுச் சோதனையோடு சேர்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். நன்றி, வணக்கம்.