கணக்கை ஆயுதமாக எடுத்தவர்

(காரைக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

விடுதலைப் போராட்டம் என்றதும் நமக்குச் சிறையும் செக்கும் தடியடியும் நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் வெகு முன்னால், கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்கார அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர் தாதாபாய் நௌரோஜி. பேரேடும் ஐந்தொகையும் தெரிந்த இந்த ஊரில் அவரைப் பற்றிப் பேசக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1825-இல் பிறந்த பார்சிக்காரர். நான்கு வயதில் தந்தை போய்விட்டார். தாய் மாணிக்பாய் பாடுபட்டுப் படிக்க வைத்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1855-இல் காமா கம்பெனியின் பங்காளியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆனால் அபினிலும் சாராயத்திலும் வரும் லாபம் தனக்கு வேண்டாம் என்று சில ஆண்டுகளில் விலகிவிட்டார். தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும், ஓடுகிற கம்பெனியை விட்டு வெளியே வருவது லேசான காரியமில்லை.

அப்புறம் அவர் செய்த வேலைதான் பெரிது. அரசாங்கத்தின் அறிக்கைகளையே எடுத்தார். எந்த மாகாணத்தில் எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு என்ன விளைச்சல், சந்தையில் என்ன விலை என்று உட்கார்ந்து கூட்டினார். 1867–68-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் 17 கோடிப் பேருக்கு மொத்த உற்பத்தி 34 கோடி இங்கிலாந்துப் பவுன். அன்றைக்கு ஒரு பவுன் பத்து ரூபாய். ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்! கூலிக்குக் கப்பலேறுகிறவனுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு வேண்டும் என்று அரசு வைத்தியர் எழுதிய பட்டியலைப் பக்கத்தில் வைத்தார். சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் அரசே செலவிட்ட தொகையையும் வைத்தார். குற்றம் செய்து உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பதுகூட வெளியே உழைக்கிறவனுக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. எண்கள் அவர்களுடையவை; மறுக்க முடியவில்லை.

மீதி எங்கே போனது? வெள்ளை அதிகாரிகளின் சம்பளம், ஓய்வூதியம், ராணுவச் செலவு, கடனுக்கு வட்டி என்று ஆண்டுதோறும் லண்டனுக்குப் போனது. போன பணம் திரும்பவில்லை.

1892-இல் லண்டனின் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் வென்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள்ளேயே போய் இதைப் பேசினார். மூன்று முறை காங்கிரஸ் தலைவர். 1906-இல் கல்கத்தாவில், 81 வயதில், சுயராஜ்யம்தான் வேண்டும் என்று தலைமையுரையில் சொன்னார். அரை நூற்றாண்டு மனுப்போட்டுப் பார்த்த மனிதர் அப்படிச் சொன்னதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

இந்த ஊரில் நின்றுகொண்டு இன்னொன்றையும் பேசியாக வேண்டும். அவர் கணக்கெழுதிய அதே காலத்தில், அதே ஆட்சியின் நிழலில், நம் நகரத்தார் பாட்டன்மார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனார்கள். நெல் விளைவிக்கக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்ததும் பர்மிய உழவனின் நிலம் நம்மவர் கைக்கு வந்தது. நம் முகப்புகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் எந்தக் கணக்கில் வந்தவை என்று நாமும் கேட்க வேண்டாமா? பாட்டன்மாரைக் குறை சொல்ல அல்ல. அவர்கள் உழைத்தார்கள், கோயிலும் பள்ளியும் கட்டினார்கள். வரவைச் சொன்னால் பற்றையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். நம் வளவு வீடுகளில், பர்மாவில் நடத்திய ரங்கூன் கடை, மோல்மீன் கடைப் பேரேடுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. வீட்டைப் பிரிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். பிரித்துப் படிக்க ஆள் வரும்வரை கரையான் படாமல் வையுங்கள்.