"நல்ல வீரர்தான், ஆனாலும் வெளியே போ"

[திரை: இருட்டு. தொலைபேசி மணி அடிக்கிறது.]

1994 ஜூன் மாதம். பிரிட்டன் படைகளில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இடமில்லை என்றிருந்த காலம். விமானப்படைக்கு ஒரு பெண் போன் செய்கிறார். தன் பெயரைச் சொல்லவில்லை. உங்களிடம் நர்ஸாக இருக்கும் ஜீனெட் ஸ்மித் ஒரு லெஸ்பியன் என்று போட்டுக்கொடுத்துவிட்டு வைத்துவிடுகிறார்.

சில நாளிலேயே ஜீனெட்டை விமானப்படை போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அவர் ஒளிக்கவில்லை, ஆமாம் என்றார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும், ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. முன்பு யாரோடு பழகினாய், இப்போது யாரோடு இருக்கிறாய் என்று போய், கடைசியில் அவரும் அவர் துணைவியும் வளர்த்துவந்த 16 வயதுப் பெண்ணையும் இழுத்து, அவளோடும் உறவு உண்டா என்று கேட்டார்கள். அந்த வருஷம் நவம்பரில் வேலை போய்விட்டது. நர்ஸ் வேலையில் அவர் என்ன தப்பு செய்தார் என்று யாராவது சொன்னார்களா? இல்லை, அந்தப் பேச்சே வரவில்லை.

[திரை: 1967 – 2000]

சரி, சட்டம் என்ன சொன்னது? இங்கிலாந்தில் 1967-லேயே வயதுவந்த ஆண்கள் இருவரின் தனிப்பட்ட உறவு குற்றமில்லை என்று ஆகிவிட்டது, ஆனால் சீருடை போட்டவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1994-இல்தான் ராணுவத்திலும் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்த கையோடு, ஆனாலும் இதற்காக வேலையிலிருந்து நீக்கலாம் என்று அதே சட்டத்தில் எழுதியும் வைத்தார்கள். அதாவது நீ குற்றவாளி இல்லை, ஆனால் வீட்டுக்குப் போ.

இப்படி வெளியே தள்ளப்பட்டவர்கள் 1991-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், பெயர் ரேங்க் அவுட்சைடர்ஸ். ஆரம்பித்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஈலி, பாராசூட் படைப்பிரிவில் பேண்டு மாஸ்டராக இருந்தவர். இன்னொருவர் எலைன் சேம்பர்ஸ், ராணுவ நர்ஸ். வேலை போன அன்றே குடியிருப்பும் சிநேகிதர்களும் போய்விடும், வீட்டில் என்ன காரணம் சொல்வது என்றும் தெரியாது. அப்படி நின்றவர்களுக்கு ஒரு தோள், அதோடு அரசாங்கத்தோடு சண்டை, ரெண்டையும் இந்தச் சங்கம் பார்த்துக்கொண்டது.

அடுத்து கோர்ட். ஜீனெட்டோடு விமானப்படை சார்ஜென்ட் கிரேம் கிரேடி, கடற்படை அதிகாரி டங்கன் லஸ்டிக்-ப்ரீன், கடற்படை வீரர் ஜான் பெக்கெட் என நாலு பேர் வழக்குப் போட்டார்கள். 1995-இல் லண்டனில் தோற்றார்கள்.

தோற்ற விதம்தான் விசித்திரம். இவர்களின் சேவையில் குறையில்லை என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள், அவர்கள் பேச்சில் அனுதாபமும் தெரிந்தது. ஆனால் அன்றைய சட்டப்படி அவர்கள் கேட்க முடிந்த கேள்வி ஒன்றுதான்: புத்தியுள்ள எந்த அமைச்சரும் எடுக்கவே மாட்டார் என்று சொல்லும் அளவுக்கு இது கிறுக்குத்தனமான முடிவா? அந்த அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மேல்முறையீட்டில் அப்படிச் சொன்னவர் தாமஸ் பிங்கம், அப்போது மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ் என்கிற பெரிய நீதிபதிப் பதவியில் இருந்தவர். அந்தப் பதவியின் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

[திரை: ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றக் கட்டடம்]

அப்புறம் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. ராணுவ அமைச்சகத்தின் வாதத்தைக் கவனியுங்கள். இவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது என்றோ, பயந்தவர்கள் என்றோ அவர்கள் சொல்லவில்லை. கூட இருக்கும் மற்ற வீரர்களுக்குப் பிடிக்காது, படையின் ஒற்றுமை கெடும், மன உறுதி குலையும் என்றார்கள். இதற்கு ஆதாரமாக 1996-இல் படைகளுக்குள்ளேயே கருத்துக் கேட்டு ஒரு தடித்த அறிக்கையும் தயார் செய்திருந்தார்கள். எனக்கு இது, பக்கத்து வீட்டுக்காரன் முறைக்கிறான் என்பதற்காக நம் வீட்டுப் பிள்ளையைத் துரத்துவது மாதிரிதான் தெரிகிறது.

1999 செப்டம்பர் 27-ஆம் தேதி வந்த தீர்ப்பும் இதே இடத்தில்தான் கையை வைத்தது. பெரும்பான்மையின் வெறுப்பு சிறுபான்மையின் உரிமையைப் பறிக்கக் காரணமாகாது, வேறு இனத்தவர்மேல், வேறு நிறத்தவர்மேல் உள்ள வெறுப்பு எப்படிக் காரணமாகாதோ அப்படித்தான் இதுவும். பெண்களும் கறுப்பினத்தவரும் படைக்கு வந்தபோது நடத்தை விதி போட்டுச் சமாளித்தீர்களே, இதையும் அப்படிச் சமாளிக்க வேண்டியதுதானே என்பது நீதிமன்றத்தின் பார்வை. தனிவாழ்க்கை உரிமை மீறப்பட்டது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

2000 ஜனவரி 12-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூன் நாடாளுமன்றத்தில் எழுந்து தடை நீங்கியது என்றார். அதற்குப் பதிலாக எல்லோருக்கும் பொதுவாக ஒரே நடத்தை விதி வந்தது. யார் யாரைக் காதலிக்கிறார் என்பதல்ல, உன் நடத்தை படையின் வேலையைக் கெடுக்கிறதா என்பதுதான் கேள்வி. தனக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணோடு தொடர்பு வைத்திருக்கும் ஆண் அதிகாரியும் இதே விதியில் மாட்டுவார். அப்புறம் என்ன ஆனது? பயமுறுத்திய அளவுக்கு ஒன்றும் இல்லை, படை கலைந்துவிடவில்லை.

ஆனால் அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்கள்? ஜோ ஊசாலிஸ் என்று ஒரு கடற்படை ரேடியோ ஆபரேட்டர், 1982-இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போருக்குப் போனவர். 1993-இல் அவரை நீக்கியபோது நன்னடத்தைப் பதக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது திரும்பக் கையில் வந்தது 2020-இல்.

2023-இல் மொத்தத்தையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர் டெரன்ஸ் ஈதர்டன், முன்னாள் மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ். ஆமாம், பிங்கம் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. ஈதர்டன் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியே அந்தப் பதவியில் இருந்தவர். அறிக்கை வெளியான அன்றே பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் நிவாரணத்துக்கு 7.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், நீக்கப்பட்ட ஒருவருக்கு 50,000 பவுண்டு. காத்திருந்து காத்திருந்து எத்தனையோ பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

[திரை: வெண்கலச் சிற்பம், மெதுவாக நெருங்கும் கேமரா]

2025 அக்டோபர் 27-ஆம் தேதி இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இவர்களுக்கான நினைவுச்சின்னத்தை மன்னர் சார்லஸ் வந்து திறந்தார். அங்கே துப்பாக்கி ஏந்திய வீரன் இல்லை, குதிரையும் இல்லை. கசங்கிப்போன ஒரு கடிதம், அவ்வளவுதான், வெண்கலத்தில். அந்தக் காலத்தில் விசாரணைக்கு வந்தவர்கள் அலமாரியைத் திறந்து தேடியது அதைத்தான், காதலர்கள் எழுதிய கடிதங்களை.