யாத்விகாவின் கைத்தலம் வில்லியமுக்குக் கிடைத்திருந்தால்

நேயர்களுக்கு வணக்கம். 1378-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் நகரில், ஹங்கேரியையும் போலந்தையும் சேர்த்து ஆண்ட லாயோஷ் மன்னரின் இளைய மகள் யாத்விகாவுக்கும், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து வில்லியமுக்கும் திருமணச் சடங்கு நடந்தது. இருவரும் குழந்தைகள்; உரிய வயது வந்தபின் மணவாழ்வு தொடங்கும் என்பது ஏற்பாடு. அது நிறைவேறியிருந்தால் போலந்தின் முடி யாருக்குப் போயிருக்கும் என்பதோடு, எந்த உரிமையின் பேரில் போயிருக்கும் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

காசிமிர் மன்னர் 1370-இல் முறையான மகனின்றி இறந்தபோது, அவருடைய சகோதரி மகனான லாயோஷ் போலந்தைப் பெற்றார். அவருக்கும் ஆண் வாரிசு இல்லாததால், 1374-இல் பிரபுக்களின் நிலவரியைப் பெரிதும் குறைத்து, அதற்கு ஈடாகத் தம் மகள்களின் அரியணை உரிமைக்கு அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றார். அவர் மறைந்தபின், 1384 அக்டோபரில் க்ராக்கோவ் நகரில் யாத்விகாவுக்கு 'அரசர்' என்ற பட்டத்துடனேயே முடிசூட்டினார்கள். அப்போது அவருக்குப் பத்து வயதோ பதினொன்றோதான்.

மறு ஆண்டு வில்லியம் க்ராக்கோவுக்கே வந்துவிட்டபோதும் பிரபுக்கள் அவரை ஏற்கவில்லை. லிதுவேனியாவின் பெருங்கோமகன் யோகைலா, கிறித்தவராவதாகவும், தம் நாட்டைப் போலந்துடன் இணைப்பதாகவும், ஹாப்ஸ்பர்க் தரப்புக்கு இரண்டு லட்சம் ஃப்ளோரின் ஈடு தருவதாகவும் க்ரேவோ என்ற ஊரில் வாக்களித்திருந்தார். 1386 பிப்ரவரியில் யாத்விகா அவரை மணந்தார்; அவரும் போலந்தின் அரசரானார். ஒரு சிறுமியின் மனம் இந்தக் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

பிரபுக்களின் கணிப்பு பிழையானதன்று. அதே ஆண்டு ஜூலையில் செம்பாக் போரில் சுவிஸ் படையினரிடம் வில்லியமின் தந்தை உயிரிழக்க, அவருடைய நிலங்களுக்கு மூத்த மகனான வில்லியம் வாரிசானார்; ஆனால் சில ஆண்டுகள் ஆட்சிப் பொறுப்பை அவருடைய பெரியப்பா மூன்றாம் ஆல்பிரெக்டே கவனித்தார். அவர் போலந்தில் முடிசூடியிருந்தால், லாயோஷ் காலத்தைப் போலவே தொலைவிலிருந்து ஆளும் அரசரையே நாடு மீண்டும் பெற்றிருக்கும் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் வாரிசுரிமையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1399-இல் யாத்விகா, பிறந்து மூன்று வாரங்களே ஆன மகளை இழந்த சில நாள்களில் தாமும் இறந்தார். யோகைலாவுக்குப் பிற்காலத்தில் நான்காம் மனைவி சோபியாவிடம் பிறந்த மகன்கள், காசிமிரின் வழியிலோ யாத்விகாவின் வழியிலோ வந்தவர்கள் அல்லர். அதனால் பிரபுக்களின் இசைவு இல்லாமல் அவர்களுக்கு முடி இல்லை என்ற நிலை உருவானது. மூத்த மகனை ஏற்பதாக 1425-இல் எழுதிக்கொடுத்த பத்திரத்தை, தங்கள் சலுகைகளை அரசர் யோகைலா உறுதிப்படுத்தாத கோபத்தில் அடுத்த ஆண்டு வென்சித்சா நகரில் கூடிய பிரபுக்கள் அவர் கண்ணெதிரே வாளால் துண்டாடினார்கள். நீதிமன்றத் தீர்ப்பின்றி நிலமுடைய பிரபு எவரையும் சிறைப்பிடிப்பதில்லை என்ற உறுதிமொழியை அளித்தபிறகே அந்த மகனின் வாரிசுரிமைக்கு இசைவு கிடைத்தது.

வில்லியமுக்கும் யாத்விகாவுக்கும் ஒரு மகன் பிறந்து வளர்ந்திருந்தால், தாய்வழி உரிமையே அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். இவ்வளவு பெரிய விலையை எவரும் கேட்டிருக்க முடியாது. பேரமே இல்லாமல் போயிருக்கும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அதைத் தொடங்கி வைத்தவர் யோகைலா அல்லர், 1374-இல் தம் மகள்களுக்காக வரியை விட்டுக்கொடுத்த லாயோஷ்தான்.