தடைக்காலத்தில் கேட்க நாலு ரெக்கார்டு

(தங்கச்சிமடத்தில் மே மாத மாலை ஒன்றில், வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக்கைத் தட்டி "ஹலோ, செக்" சொல்லாமல் நான் பேச ஆரம்பிப்பது இதுதான் முதல் தடவை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் மைக்செட் தொழில். மேடையில் நிற்பவருக்குக் கீழே, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பழகிவிட்டேன். கூட்டம் நடத்துகிற தம்பிமார் "அண்ணே, நீங்கள் கேட்கிற அந்த இங்கிலீஷ் பாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றதும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம், சரி, மீன்பிடித் தடைக்காலம்தானே, 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது, நாலு பேராவது உட்கார்ந்து கேட்பார்கள் என்று ஒத்துக்கொண்டேன்.

வந்த காலத்தில் உலகம் சரியாகக் கண்டுகொள்ளாத நாலு இண்டி ராக் ரெக்கார்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இண்டி ராக் என்கிற சொல்லை முதலில் தீர்த்துவிடலாம். பெரிய கம்பெனிக்குப் போகாமல், கைக்காசிலோ ஒரு சின்னக் கம்பெனி மூலமாகவோ ரெக்கார்டு போட்டவர்களின் கித்தார் பாட்டு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம்.

எனக்கு இது எப்படி வந்தது என்றால், சித்தப்பா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். 1993-இல் லீவில் வந்தபோது ஒரு பை நிறையக் கேசட் கொண்டு வந்தார். அதில் ஒன்றின் உறையில் எதுவுமே எழுதவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவன் கொடுத்தானாம், யாரோ வீட்டில் பதிந்தது. எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருக்கும் வால்யூம், பாஸ், ட்ரெபிள், இந்த மூன்றும்தான். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காது, அதில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் குடியிருந்தார்கள். அந்தக் காதுக்குள் இந்தக் கேசட் போய் உட்கார்ந்துகொண்டது. பாடுகிறவனுக்குப் பெரிய குரல்வளம் கிடையாது. கித்தார் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் தாளம் நிற்காமல் ஓடும், அதோடு நாமும் ஓடுவோம்.

இருபத்தைந்து வருடம் அந்தக் குழுவின் பெயர் தெரியாமலே கேட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் என் மகள், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப்பைப் போனில் போட்டு டெக்குக்கு முன்னால் பிடித்தாள். இரண்டு தடவை தெரியவில்லை என்றது. டெக்கின் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடுகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராமநாதபுரம் போய் பெல்ட் வாங்கி மாற்றினேன். மூன்றாவது தடவை பெயர் வந்தது. தி கிளீன். நியூசிலாந்தின் டனீடன் நகரம்.

டனீடன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். நியூசிலாந்தே உலகத்தின் ஓரம். அதன் பெரிய நகரமான ஆக்லாந்திலிருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தென் தீவின் கடற்கரையில் இருக்கிறது டனீடன். பல்கலைக்கழகம் உள்ள ஊர்தான், தனுஷ்கோடி மாதிரி வெறும் மணல் இல்லை. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ ரெக்கார்டு விற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் கண்ணுக்கு இரண்டும் படாது.

தி கிளீனில் மூன்று பேர். ஹேமிஷ் கில்கூர் டிரம்ஸ், அவர் தம்பி டேவிட் கித்தார், ராபர்ட் ஸ்காட் பாஸ் கித்தார். 1981-இல் அவர்கள் போட்ட முதல் பாட்டு 'டாலி ஹோ'. பதிவுச் செலவு 50 நியூசிலாந்து டாலர். கிறைஸ்ட்சர்ச்சில் ரெக்கார்டு கடையில் வேலை பார்த்த ராஜர் ஷெப்பர்ட் என்பவர் அந்த வருடம்தான் ஃபிளையிங் நன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார். அந்த 50 டாலர் பாட்டு நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் போனது. கையில் கொஞ்சம் காசு வந்தது. அதே வருடம் 'பூடில் பூடில் பூடில்' என்று ஐந்து பாட்டு உள்ள ஒரு சின்ன ரெக்கார்டு வந்தது. நான் முதலில் சொல்ல வந்தது அதைத்தான். முழு ஆல்பம் இல்லை என்று யாராவது ஆட்சேபம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து பாட்டுதான் என்பதே அதன் பலம்.

கிறிஸ் நாக்ஸ் என்ற பாடகரிடம் நாலு டிராக் டேப் மெஷின் ஒன்று இருந்தது. அதில்தான் பதிந்தார்கள். நாலு டிராக் என்றால் என்ன என்று தொழில்காரனாகச் சொல்கிறேன். ஒரே டேப்பில் பக்கத்துப் பக்கத்தில் நாலு ஓடை. டிரம்ஸ் ஒன்று, பாஸ் ஒன்று, கித்தார் ஒன்று, குரல் ஒன்று, அதோடு சரி. இன்னொரு கித்தார் வேண்டுமென்றால் இரண்டு ஓடையைக் கலந்து ஒன்றாக்கி இடம் காலி பண்ண வேண்டும். கலந்ததை அப்புறம் பிரிக்க முடியாது. குழம்பில் புளியைக் கரைத்த மாதிரி. அதனால் ஒவ்வொரு சத்தத்தையும் வேண்டுமா, வேண்டாமா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். இப்போது கணினியில் இருநூறு ஓடை திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுக்காமலே பாட்டை வெளியிடுகிறார்கள். காதில் அது தெரிகிறது.

அந்த ரெக்கார்டின் கடைசிப் பாட்டு 'பாயிண்ட் தட் திங் சம்வேர் எல்ஸ்'. ஐந்து நிமிடத்துக்கு மேல். கித்தார் ஒரே சுருதியில் ரீங்காரமாகப் போய்க்கொண்டே இருக்கும். இரவில் படகில் படுத்திருக்கும்போது எஞ்சின் ஓட ஓட அதற்குள்ளிருந்து ஏதோ பாட்டு கேட்பது போலிருக்கும் அல்லவா, அந்த மாதிரி. படகில் போகாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, இங்கே அப்படி யாரும் இல்லை.

ரெக்கார்டு அங்கே பல மாதம் விற்றது. நியாயமாகப் பார்த்தால் ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். 1982-இல், பெயர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, குழுவைக் கலைத்துவிட்டார்கள். முதல் முழு ஆல்பம் 1990-இல்தான் வந்தது. அவர்களிடம் பாடம் படித்த அமெரிக்கப் பையன்கள் பின்னால் பெயர் வாங்கினார்கள். ஹேமிஷ் 2022-இல் இறந்துபோனார். 'டாலி ஹோ'வில் கீபோர்டு வாசித்த மார்ட்டின் பிலிப்ஸ் 2024-இல் போனார். அவருடைய குழு தி சில்ஸ். அவர்களின் 'சப்மரீன் பெல்ஸ்' (1990) நியூசிலாந்தில் முதலிடம் பிடித்தது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பாலிஷ் போட்ட மாதிரி படும். ஆனால் கடலோரக்காரன் கேட்க வேண்டிய ஆல்பம்தான்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். "சரக்கு இருந்தால் எப்படியும் வெளியே வந்துவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. நம் கரையில் யாரும் அதை நம்ப மாட்டார்கள். கடலில் என்ன கிடைத்தது என்பது ஒன்று, ஏலத்தில் என்ன விலை போனது என்பது வேறொன்று. நடுவில் ஐஸ், லாரி, வியாபாரி எல்லாம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார், அவர் இளவட்டமாக இருந்தபோது வலையில் நண்டு ஏறினால் சனியன் பிடித்தது என்று திட்டுவார்களாம். வலையையும் கிழித்து, கழற்றவும் நேரமாகி, கரையில் அடித்துப் போட்டுவிட்டுப் போவார்களாம். இன்றைக்கு அதே நண்டுக்குக் கம்பெனி வண்டி வந்து காத்து நிற்கிறது. நண்டு மாறவில்லை. வண்டிதான் வந்திருக்கிறது. நான் சொல்லும் நாலு ரெக்கார்டும் வண்டி வராத காலத்து நண்டுதான்.

இரண்டாவது, 'கொலாசல் யூத்'. 1980. குழு யங் மார்பிள் ஜயன்ட்ஸ், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப். அதுவும் துறைமுக ஊர், ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றிய ஊர். ஸ்டூவர்ட், பிலிப் என்று மாக்ஸம் சகோதரர்கள் இரண்டு பேர், பாட அலிசன் ஸ்டாட்டன். டிரம்ஸ் அடிக்க ஆள் கிடையாது. அவர்கள் சொந்தக்காரர் பீட்டர் ஜாய்ஸ் டெலிபோன் எஞ்சினியர். அவர் வீட்டில் தானே செய்த தாள மெஷினை டேப்பில் பதிந்து, மேடையில் அந்த டேப்பை ஓட்டிவிட்டு வாசிப்பார்கள். இதைப் படித்தபோது அந்த மனிதரைப் பார்க்காமலே எனக்குப் பிடித்துப் போனது. எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், கையில் சால்டரிங் அயர்னோடு.

பதினைந்து பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெஷின் 'டிக், டிக்' என்று போகும். ஸ்டூவர்ட் கித்தாரை உள்ளங்கையால் அமுக்கிக் கட்டையாகக் கொட்டுவார். ராகம் பாஸ் கித்தாரில் வரும். அலிசன் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே தனக்குத் தானே பாடுகிற மாதிரி பாடுவார். மற்ற இடமெல்லாம் வெறும் அமைதி.

ஒரு தடவை பக்கத்து ஊர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைப் போட்டேன். குழாயில் அடி ஓசை வராது, உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஆல்பம் அதில் அப்படிப் பாடியது. காற்று அடிக்க அடிக்க, அந்த 'டிக் டிக்' ஊரைச் சுற்றி வந்தது. பத்து நிமிடத்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். "என்னப்பா, பாதி செட்டு வேலை செய்யலையா?" "இல்லைங்கய்யா, பாட்டே இவ்வளவுதான்." அவர் மேலே குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப பாதிக் காசு குடுத்தாப் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஆல்பத்துக்கு அதைவிடச் சரியான விமர்சனம் நான் படித்ததில்லை. ரெக்கார்டு வந்து ஒரு வருடம் தாண்டுவதற்குள் அந்தக் குழுவும் கலைந்தது. ஸ்டுடியோ ஆல்பம் அந்த ஒன்றே ஒன்றுதான். பின்னால் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்தவற்றின் பட்டியலில் எழுதி வைத்ததால்தான் பலர் இதைத் தேடினார்கள்.

மூன்றாவது ரெக்கார்டுக்கு உங்களுக்கு ஒரு முன் அனுபவம் இருக்கிறது. 'எனி அதர் சிட்டி', 2001, கிளாஸ்கோ ஊரின் லைஃப் வித்தவுட் பில்டிங்ஸ். பாடுகிறவர் சூ டாம்ப்கின்ஸ், ஓவியக் கல்லூரி வழி வந்தவர். பாடுகிறார் என்பதைவிட ஏலம் கூறுகிறார் என்பேன். "முந்நூறு, முந்நூறு, முந்நூத்தி அம்பது, அம்பது, அம்பது" என்று ஒரு சொல்லைப் பிடித்து, திருப்பி, வெட்டி, பாதியில் விட்டு, மறுபடி எடுப்பார். பின்னால் கித்தார் சாந்தமாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் சிலர் இதை எரிச்சல் என்று ஒதுக்கினார்கள். பாம்பன் பாலத்தடியில் விடிகாலை ஏலம் கேட்டு வளர்ந்தவனுக்கு எரிச்சலா வரும்? இந்தக் குழுவும் ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தோடு நின்றது. இருபது வருடம் கழித்து, 'தி லீன்ஓவர்' என்ற பாட்டுக்கு வாயசைத்துச் சின்னப் பிள்ளைகள் வீடியோ போட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இதற்கு வண்டி வர இருபது வருடம்.

நாலாவது, தி ரென்ஸ் குழுவின் 'தி மெடோலாண்ட்ஸ்', 2003. அமெரிக்காவில் நியூயார்க்குக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற சதுப்பு நிலத்தின் பெயர் அது. தொண்டி போகிற வழியில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். இவர்கள் 1996-இல் 'சிக்காகஸ்' என்று நல்ல ஆல்பம் ஒன்று போட்டார்கள். கம்பெனி கை மாறியது. புது முதலாளி ஒப்பந்தம் நீட்டினார், இவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அதோடு அந்த ஆல்பத்துக்கு ஆதரவும் நின்றுபோனது. நாலு பேரும் வேலைக்குப் போனார்கள். வேலை முடிந்து வந்து வீட்டிலேயே வருடக்கணக்கில் பதிந்ததுதான் 'மெடோலாண்ட்ஸ்'. சில்வண்டுச் சத்தத்தோடு தொடங்கும். நினைத்த இடத்துக்கு வந்து சேராத நடுவயது ஆட்கள் பாடுகிற பாட்டு. எனக்கு முப்பது வயதில் இது பிடிக்கவில்லை. இப்போது பிடிக்கிறது, அது கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. பத்து நிமிடம் குறைத்திருக்கலாம்.

இளையவர்களுக்கு டஸ்டர் குழுவின் 'ஸ்ட்ராட்டோஸ்பியர்' (1998) பிடிக்கும். போனில் போட்டுப் பாருங்கள். ஸ்லின்ட் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' ஆல்பம் ஏன் இல்லை என்று பின்வரிசையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. தம்பி, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே அது பிரபலமாகிவிட்டது.

"தமிழில் ஒன்றுமில்லையா?" என்று அக்கா கேட்கிறார். இருக்கிறது அக்கா. கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து செய்த 'குரங்கன்' குழுவின் பாட்டுகளைக் கேளுங்கள். 2018-இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கானாவும் ராக்கும் ஒரே மேடையில் சண்டை போடாமல் நின்றது அங்கேதான். நம் கரையிலேயே பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 வானொலி இருக்கிறது. அதில் இந்தப் பாட்டெல்லாம் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. மீனவர் நிகழ்ச்சிக்கு நடுவில் 'டிக் டிக்' கேட்டால் ரேடியோ ரிப்பேர் என்று என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

பேச்சு போதும். அந்தக் கேசட்டையும் டெக்கையும் கொண்டு வந்திருக்கிறேன். சித்தப்பா கொண்டு வந்த நாளிலிருந்து அதில் ஒரு குறை உண்டு. கடைசிப் பாட்டு, நான் சொன்ன அந்த எஞ்சின் பாட்டு, நடுவிலேயே டேப் தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். இருபத்தைந்து வருடம் எனக்கு அது பாதிப் பாட்டு. மீதியைப் போனில் கேட்ட அன்றைக்கு, தெரிந்த வீட்டில் பூட்டியிருந்த அறையைத் திறந்த மாதிரி இருந்தது. ஆனாலும் இன்றைக்குக் கேசட்டிலேயே போடுகிறேன். நிற்கிற இடத்தில் கை தட்டிவிடாதீர்கள், போனில் மீதி இருக்கிறது. தம்பி, அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள்.