குடியின் செலவை யார் கணக்கில் எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

மது விற்பனையால் அரசுக்கு என்ன வருமானம் என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கிறது. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் 45,855 கோடி ரூபாய். சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கைக் குறிப்பிலேயே இருக்கிறது. அதே மதுவால் மக்களுக்கு ஆன செலவு எவ்வளவு? அந்தக் கேள்விக்கு இப்படியொரு எண்ணை யாரும் ஆண்டுதோறும் எடுத்து வைப்பதில்லை.

கணக்கிட முடியாது என்பதால் அல்ல. சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் நாடு முழுவதற்கும் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். மது வரியாக வருவதைக் கழித்த பிறகும், ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1.45 விழுக்காடு நட்டம் என்றார்கள். மருத்துவச் செலவு, விபத்து, வேலைக்குப் போகாத நாட்கள், அகால மரணம் எல்லாம் இந்த மாதிரிக் கணக்குகளில் சேரும்.

சரி, இந்தக் கணக்கை நம் டெல்டாவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அங்கேதான் எனக்குக் கவலை.

ஒருவர் உயிரோடு இருந்தால் இன்னும் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்த்து மரணத்துக்கு விலை போடுவது வழக்கமான முறை. அப்படிப் போட்டால், சென்னையில் மாதச் சம்பளக்காரர் இறந்தால் பெரிய நட்டம். மன்னார்குடிப் பக்கம் நடவும் அறுப்பும் இருக்கும் மாதங்களில் மட்டும் கூலி பார்ப்பவர் இறந்தால் சின்ன நட்டம். எந்தக் குடும்பம் நிமிரவே முடியாமல் போகிறதோ, அந்தக் குடும்பத்தின் இழப்புதான் தாளில் சிறுத்துத் தெரிகிறது. இதை வைத்துக் கொள்கை வகுத்தால் அநியாயம்.

ஈரல் கெட்டு ஒருவர் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். படுக்கை, மருந்து எல்லாம் அரசுச் செலவு. அது கணக்கில் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அந்த வாரம் நடவுக் கூலி போச்சு. பஸ் காசு, அடகு வைத்த தோட்டின் வட்டி, கட்ட முடியாத குழுக் கடன், பாதியில் படிப்பை விட்டுத் திருப்பூருக்குப் போன மகன். இதையெல்லாம் எந்தப் பதிவேட்டில் தேடுவது? ஆஸ்திரேலியாவில் 2010-இல் வந்த ஓர் ஆய்வு, குடிப்பவரைச் சுற்றியிருப்பவர்களிடமே நேராகக் கேட்டது: உங்களுக்கு எவ்வளவு நேரம் போயிற்று, எவ்வளவு பணம் போயிற்று என்று. நம் ஊரிலும் கேட்கலாம். பெண்கள் பைசா பிசகாமல் சொல்வார்கள்.

அப்புறம் காரைக்கால். நாகூர் தாண்டினால் வாஞ்சூர்; அங்கிருந்து புதுச்சேரி ஆட்சி, விலையும் குறைவு. வாங்குவது அங்கே, குடிப்பது நாகையிலும் மயிலாடுதுறையிலும். வரி புதுச்சேரிக்குப் போகிறது, விபத்தில் கால் முறிந்தவர் தமிழக அரசு மருத்துவமனைக்கு வருகிறார். டாஸ்மாக் விற்பனையை மட்டும் வைத்து நாகை மாவட்டத்தின் குடியை அளந்தால் பாதி உண்மைகூடத் தேறாது. கள்ளச்சாராயம் வேறு எந்த ரசீதிலும் ஏறாது. அதன் கணக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததுபோல, அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் வெளியே வருகிறது.

வருமானம் போய்விடுமே என்ற வாதத்துக்கு நம்மிடமே ஒரு பழைய பதில் இருக்கிறது. 1937-இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தது. கலால் வருமானம் விழுந்த இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி போட்டது. மாற்று வழி தேடினால் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். உடனே பூரண மதுவிலக்கு வேண்டும் என்பது இன்றைய என் வாதம் இல்லை. முதலில் எண்ணுங்கள் என்கிறேன்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை அரசு மருத்துவமனைகளின் சேர்க்கைச் சீட்டில், மது காரணமா என்று ஒரு கட்டம் போடலாம். காரைக்கால் மருத்துவமனையும் அதே படிவத்தை வைத்துக்கொள்ளட்டும். மகளிர் குழுக்கள் வழியாக ஆண்டுக்கொரு முறை வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தலாம். வருகிற எண்ணை, அந்தக் கொள்கைக் குறிப்பில் வருமானத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.